நெஞ்சுவலிக் கேள்வியில் எதை முதலில் செய்வது? அடிக்கடி நடக்கும் தவறுகள்

நர்சிங் உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர், கேள்வியில் நெஞ்சுவலி என்று கண்டதுமே மனசுக்குள் 'மோனா' சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். மார்பின், ஆக்சிஜன், நைட்ரோகிளிசரின், ஆஸ்பிரின். நான்கும் நினைவில் நிற்க அது உதவும், சரி. ஆனால் கொடுக்கும் வரிசை அதுவல்ல. முதலெழுத்தை நம்பி மார்பினைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் போய்விடும். ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரினுக்கும் அடங்காத வலிக்குத்தான் மார்பின்.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். 58 வயதுக்காரர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். அரை மணி நேரமாக நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்குப் பரவுகிறது, உடம்பெல்லாம் வியர்வை. பிபி 138/84, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 97 சதவீதம். நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது ஆக்சிஜன் வைப்பதா, ஈசிஜி எடுப்பதா, ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) சோதனைக்கு ரத்தம் எடுப்பதா, வலியின் அளவைக் கேட்பதா?

மூச்சுதானே முதல் என்று கை ஆக்சிஜனுக்குப் போகும். சாச்சுரேஷன் 97 என்று கேள்வியிலேயே இருக்கிறதே! 90-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சுத் திணறினாலோதான் அது தேவை. ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகலாம். முதல் சோதனை சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலியின் அளவா? மதிப்பீடுதான் முதல் படி என்று மனப்பாடம் செய்தவர்கள் விழும் இடம் இது. எங்கே வலி, எப்படிப்பட்ட வலி என்பதெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. விடை ஈசிஜி. வந்த 10 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கேள்வியில் வெறுமனே 'நெஞ்சு வலிக்கிறது' என்று மட்டும் இருந்தால், அப்போது மதிப்பீடு முதலில் வரும்.

இப்போது அதே நோயாளிக்கு பிபி 84/50 என்று மாற்றிப் பாருங்கள். நைட்ரோகிளிசரின் பிபியை இன்னும் இறக்கிவிடும், அதனால் கூடாது. ஆண்மைக்குறைவு மருந்துகளான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமோ, டாடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமோ ஆகாவிட்டாலும் கூடாது. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் இந்த மருந்துகளைக் கொடுப்பதால் பெண் நோயாளியிடமும் கேட்க வேண்டும். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்ல வேண்டும், 162 முதல் 325 மில்லிகிராம் வரை. அதற்கு முன் அலர்ஜி, ரத்தக்கசிவு உண்டா என்று கேட்டாக வேண்டும்.

எல்லா நெஞ்சுவலியும் மாரடைப்பு அல்ல. கிழிப்பதுபோல முதுகுக்குப் போகும் வலி, இரண்டு கைகளிலும் வேறு வேறு பிபி என்றால் மகாதமனி கிழிந்திருக்கலாம். அங்கே ஆஸ்பிரின் ஆபத்து. கால் எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்குத் திடீரென வலியும் மூச்சுத்திணறலும், சாச்சுரேஷன் 86 என்றால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அங்கே தலைப்பக்கத்தை உயர்த்தி ஆக்சிஜன் வைப்பதுதான் முதலில்.

அப்புறம், 'யாரை முதலில் பார்ப்பீர்கள்' என்ற கேள்வி. இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வழக்கமான ஆஞ்சைனா வலி ஒரு நைட்ரோகிளிசரின் மாத்திரையில் அடங்கிவிட்டவர் ஒருவர். சர்க்கரை நோயுள்ள 70 வயதுப் பெண்மணி இன்னொருவர்: திடீரென வியர்வை, குமட்டல், தாடையில் ஒரு கனம். நெஞ்சுவலி என்ற சொல்லே அவர் விவரத்தில் இருக்காது. ஆனால் இதுவும் மாரடைப்பாக இருக்கலாம். முதலில் போக வேண்டியது அவரிடம்தான்.