டெர்மினலிலேயே ஹாஸ்கெல்: ஹீலிக்ஸ் எடிட்டரை அமைக்கும் முறை

வேலூரிலும் காட்பாடியிலும் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் பலர் ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிச் சில நாட்களிலேயே கைவிடுவதற்குக் காரணம் அந்த மொழியன்று, எடிட்டர் சரியாக அமையாததுதான். என் உபுண்டு மடிக்கணினியில் அமைத்து, நாள்தோறும் பயன்படுத்திவரும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எடிட்டருக்கு என் தேர்வு ஹீலிக்ஸ். நியோவிம் என்னும் இன்னொரு எடிட்டர் மிகச் சிறந்த கருவிதான் என்றாலும், எந்தச் செருகுநிரலைப் போடுவது என்று தேடுவதிலேயே புதியவரின் ஆர்வம் வடிந்துவிடுகிறது. ஹீலிக்ஸிலோ பிழைகளைச் சுட்டும் மொழிச் சேவையகத்தோடு பேசும் வசதி உள்ளேயே இருக்கிறது. கிட்ஹப்பில் அதன் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஜிஹெச்சி என்னும் கம்பைலர் முதலிய ஹாஸ்கெல் கருவிகளை நிறுவித்தரும் ஜிஹெச்சிஅப். முதலில் உபுண்டுவின் நிறுவல் கட்டளையான ஏப்டி மூலம் பில்ட்-எசென்ஷியல், லிப்ஜிஎம்பி-டெவ் முதலிய தொகுப்புகளை நிறுவிவிட்டு, ஜிஹெச்சிஅப் தளத்தில் உள்ள ஒற்றை வரிக் கட்டளையை இயக்குங்கள். இடையில் ஹெச்எல்எஸ் என்னும் மொழிச் சேவையகம் வேண்டுமா என்று கேட்கும்போது, வெறுமனே என்டரைத் தட்டிக் கடந்துவிடாமல், வேண்டும் என்றே பதில் கொடுங்கள். முடிந்ததும் டெர்மினலை மூடித் திறந்தால்தான் புதிய பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) நடப்புக்கு வரும்.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த இடம் இதற்குப் பிறகு வருவது. ஹெச்எல்எஸ் தனித்து நிற்கும் நிரல் அன்று. ஜிஹெச்சி கம்பைலரையே ஒரு நூலகமாக உள்ளே வைத்துக் கட்டப்பட்டது. ஆகவே ஜிஹெச்சியின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஹெச்எல்எஸ் கோப்பு தேவைப்படுகிறது. ஆகப் புதிய ஜிஹெச்சியை ஆசையாக நிறுவினால், அதற்குரிய ஹெச்எல்எஸ் இன்னும் வெளிவராமல் இருக்கலாம். அப்போது கம்பைலர் ஒழுங்காக ஓடும், எடிட்டர் மட்டும் வாய் திறக்காது. இதைத் தவிர்க்க ‘ஜிஹெச்சிஅப் டியூஐ’ என்ற கட்டளையை இயக்கி, வரும் பட்டியலில் ‘ஹெச்எல்எஸ்-பவர்ட்’ என்ற குறிப்பு உள்ள ஜிஹெச்சி பதிப்பைப் பாருங்கள். அதன் மேல் நின்று ‘ஐ’ விசையை அழுத்தினால் அது நிறுவப்படும். ‘எஸ்’ விசையை அழுத்தினால் அதுவே இயல்பான பதிப்பாகும். ‘ரெகமண்டட்’ என்ற குறிப்பும் சேர்ந்திருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

இனி டெர்மினலில் ‘ஹெச்எக்ஸ் --ஹெல்த் ஹாஸ்கெல்’ என்று கொடுத்து (ஹெச்எக்ஸ் என்பது ஹீலிக்ஸின் கட்டளைப் பெயர்), மொழிச் சேவையகத்தின் பெயருக்கு அருகில் சரிக்குறி வருகிறதா என்று பாருங்கள். பெருக்கல் குறி வந்தால் பாத் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

சோதித்துப் பார்க்கப் புதிய கோப்புறை ஒன்றில் புதிய ஹாஸ்கெல் திட்டத்தைத் தொடங்கும் ‘கபால் இனிட்’ கட்டளையைக் கொடுத்து, கத்திரி வெயில் நாட்களின் வெப்பநிலைகளை டபுள் (தசம) எண்களாகக் கொண்ட பட்டியலின் சராசரியைக் கணக்கிடும் சார்பு ஒன்றை எழுதுங்கள். கூட்டுத்தொகையை ‘லெங்த்’ தரும் எண்ணிக்கையால் நேராக வகுத்தால், டபுள் வர வேண்டிய இடத்தில் இன்ட் (முழு எண்) வந்திருப்பதாக அந்த வரியிலேயே பிழை தோன்றும். எண்ணிக்கையின் முன் ‘ஃப்ரம்இன்டெக்ரல்’ சேர்த்தவுடன் பிழை மறைந்துவிடும். டபுள், இன்ட் போன்ற வகைகளைப் பற்றிய இந்த உரையாடலுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஸ்பேஸ் விசையைத் தொடர்ந்து ‘கே’ அழுத்தினால், கர்சர் நிற்கும் பெயரின் வகையைக் காணலாம்.

பின்சேர்க்கை: பிழை எதுவுமே காட்டவில்லை என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஹோம் கோப்புறையில் இருந்தபடியே கோப்பைத் திறந்திருக்கிறார். கபால் கோப்பு உள்ள கோப்புறைக்குள் சென்று திறந்ததும் சரியாயிற்று. நான்கு ஜிபி நினைவகம் போதுமா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். சிறிய பயிற்சிகளுக்குச் சமாளிக்கலாம், ஆனால் பிரவுசரை மூடிவிடுங்கள். ஹெச்எல்எஸ் நினைவகத்தைத் தாராளமாகவே எடுத்துக்கொள்ளும். பேட்டரி தேய்ந்த மடிக்கணினியில் வேலை செய்பவர்கள், கோடையில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாததால், ஹீலிக்ஸின் கான்ஃபிக் கோப்பில் ஆட்டோ-சேவ் பகுதியைச் சேர்த்து, ‘ஆஃப்டர்-டிலே’ அமைப்பை இயக்கிவையுங்கள். விம் எடிட்டரைப் போல ஸ்வாப் என்னும் தற்காலிகக் காப்புக் கோப்பு எதையும் ஹீலிக்ஸ் எழுதிவைப்பதில்லை என்பதால், சேமிக்காத வரிகளை மீட்க வழியில்லை.