யூரின் கல்ச்சர்: பாட்டில் வாங்குவதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

மதுரையில் ஒரு லேபில் கல்ச்சர் மேசை என் பொறுப்பு. சிறுநீர்த் தொற்று என்று சந்தேகம் வந்தால், யூரினில் இருக்கும் பாக்டீரியாவை வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் டெஸ்ட்தான் யூரின் கல்ச்சர். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுண்டரிலேயே நின்று தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல எது நல்ல மருந்துக்கா?" என்று கேட்பார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் அந்தத் தாள் எப்படித் தயாராகிறது, அதில் இருப்பதை எப்படிப் படிப்பது என்று நான் சொல்லலாம். முக்கியமாக, ரிப்போர்ட்டில் பாதி உங்கள் வீட்டு பாத்ரூமிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆன்டிபயாட்டிக் முதல் மாத்திரை போடும் முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். மெடிக்கலில் கேட்டு இரண்டு வேளை போட்டுவிட்டு வந்தால் யூரினிலேயே மருந்து இறங்கியிருக்கும். நாங்கள் பாக்டீரியாவை வளர்க்கும் பிளேட்டில் எதுவும் வளராமல் போகலாம். 'நோ குரோத்' என்று தாள் வரும், யூரின் போகும்போது எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். குளிர்காய்ச்சல் இருந்தால் சாம்பிள் கொடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்கிவிடுவார். அப்போது ரிப்போர்ட் வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

பாட்டில் லேபில் கொடுப்பதாகவே இருக்கட்டும். டானிக் பாட்டிலைக் கொதிக்கவைத்துக் கழுவிக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டாம். எங்கள் பாட்டிலையும் கழுவாதீர்கள், மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரின் நல்லது. இரவெல்லாம் சிறுநீர்ப் பையில் தங்கியதால் கிருமி எண்ணிக்கை தெளிவாகத் தெரியும். சீக்கிரம் வரவேண்டும் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் நீர்த்துப்போகும். முதலில் சாதாரணத் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவி, பிறப்புறுப்பின் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னால் தள்ள வேண்டும். வெட்கப்பட்டு இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால்தான் பாதி சாம்பிள் வீணாகிறது. முதலில் வருவதை வெளியே விட்டுவிட்டு, நடுவில் வருவதை பாட்டிலில் பிடித்து, மிச்சத்தை மறுபடி வெளியே விடுங்கள். 10 மில்லி இருந்தாலே தாராளம்.

பிடித்ததும் நேராக லேபுக்கு. இரண்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. சிறுநீர்த் தொற்றில் நாங்கள் அதிகம் பார்க்கும் பாக்டீரியாவான ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். மே மாத மதுரையில் பைக் டேங்க் கவருக்குள் அதற்கு வேறென்ன வேண்டும்? தாமதமாகும் என்றால் பாட்டிலை பாலித்தீன் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் அல்ல. ஃபிரிட்ஜில் 24 மணி நேரம்வரை தாங்கும். கதீட்டர் (யூரின் வடிய வைக்கும் டியூப்) போட்டிருப்பவர்களுக்குத் தொங்கும் பையிலிருந்து எடுக்கக் கூடாது; நர்ஸ் டியூபிலிருந்து எடுத்துத் தருவார்.

"இன்னைக்கு சாயந்திரமே கிடைக்குமா?" கிடைக்காது. மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிடிக்கும் கம்பி வளையத்தால் யூரினைத் தொட்டு, அகர் என்ற ஜெல்லி போன்ற சத்துப்பொருள் ஊற்றிய பிளேட்டில் இழுத்து, 37 டிகிரியில் ஒரு இரவு வைக்கிறோம். மறுநாள் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் ஒரே ஒரு பாக்டீரியாவிலிருந்து வளர்ந்த கூட்டம். 100 புள்ளி என்றால் மில்லிக்கு ஒரு லட்சம். ரிப்போர்ட்டில் 'பத்தின் அடுக்கு ஐந்து' என்று அச்சாவது இதுதான். இந்த ஒரு லட்சக் கணக்கு 1950களில் அமெரிக்காவில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் வகுத்தது. எரிச்சலும் அடிக்கடி போவதும் இருந்தால் இதைவிடக் குறைவான எண்ணிக்கைக்கும் அர்த்தம் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ஒரு லட்சம் வந்தாலும் பொதுவாக மருந்து தேவைப்படாது. கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் அதில் முக்கிய விலக்கு. மூன்று நான்கு வகை கலந்து வளர்ந்தால் 'மிக்ஸ்டு குரோத்' என்று எழுதுவோம். பெரும்பாலும் அது தோலிலிருந்து ஒட்டியது. பதறாமல் சாம்பிளை ஒழுங்காக எடுத்து மறுபடி கொடுங்கள்.

ஒரே வகை வளர்ந்திருந்தால் இரண்டாவது நாள் வேலை தொடங்கும். அந்தக் கூட்டத்தை உப்புநீரில் கரைத்து, மில்லிக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியா இருக்கும் அளவுக்குக் கலங்கலாக்குவோம். அதைப் பஞ்சால் முல்லர் ஹின்டன் என்ற வகை அகர் முழுக்க மூன்று திசையில் தடவி, மேலே மருந்து ஊறிய 6 மி.மீ. காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் காலை, மருந்து வேலை செய்த இடத்தில் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் இருக்கும். வேலை செய்யாத இடத்தில் வில்லையின் ஓரம்வரை பாக்டீரியா படர்ந்திருக்கும். சியாட்டிலில் கெர்பியும் பாயரும் சகாக்களும் 1966இல் வெளியிட்ட முறை. மெஷின் வைத்த லேப்கள் பெருகினாலும் எனக்கு இந்த பிளேட்தான் பிடிக்கும். கண்ணால் பார்க்கலாம்.

சரி, இப்போது தாளுக்கு வருவோம். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும். எஸ் என்றால் வழக்கமான அளவிலேயே மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது. ஐ என்பதைப் பாதி கேட்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டோஸைக் கூட்டினாலோ, யூரினில் அதிகம் சேரும் மருந்தாக இருந்தாலோ பயன்படலாம் என்று பொருள்.

சில லேப்கள் வட்டத்தின் அளவையும் மி.மீ. கணக்கில் அச்சிடும். குழப்பமே அங்கேதான். சிப்ரோஃபிளாக்சசினுக்கு 21 என்று இருக்கும், எதிரே ஆர். நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17 இருக்கும், எதிரே எஸ். "பெரிய வட்டம்தானே நல்லது, மாத்திப் போட்டுட்டீங்களாக்கா?" என்பார்கள். மாற்றவில்லை. அகரில் ஒவ்வொரு மருந்தும் பரவும் வேகம் வேறு, உடம்பில் அது எட்டும் அளவும் வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லைக்கோடு. ஈ.கோலைக்கு சிப்ரோ 26 தொட்டால்தான் எஸ். நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17 போதும். மருந்துக்கு மருந்து எண்ணை ஒப்பிடாதீர்கள், எழுத்தை மட்டும் பாருங்கள்.

அடியில் 'ஈஎஸ்பிஎல்' என்று இருந்தால், அந்த பாக்டீரியா செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது என்று அர்த்தம். அந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவும். பார்த்தவுடன் ஐசியு என்று பயப்பட வேண்டாம்; சிறுநீர்ப் பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயினோ ஃபாஸ்ஃபோமைசினோ பல நேரம் கேட்கும். இன்னும் வலுவான ஊசி மருந்தான மெரோபெனமுக்கும் ஆர் என்றால் மட்டும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

எஸ் போட்டதெல்லாம் உங்களுக்கான மருந்து என்றும் நினைக்காதீர்கள். நைட்ரோஃபுரான்டாயின் யூரினில்தான் சேரும், கிட்னித் திசுவில் போதுமான அளவு சேராது. காய்ச்சலோடு விலாவில் வலி இருந்தால், எஸ் என்று இருந்தாலும் டாக்டர் அதை ஒதுக்குவார். தாளை மெடிக்கலில் நீட்டி "இதுல எஸ் இருக்கிறதைக் குடுங்க" என்று கேட்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதியோடு ஒரு ஃபைலில் வையுங்கள். கடைசியாக என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை ரிப்போர்ட் வரும் முன்பே மருந்து தொடங்க வேண்டியிருந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அப்புறம், எரிச்சல் முழுக்கப் போய்விட்டால் "கிளியர் ஆயிடுச்சான்னு பாத்துருவோம்" என்று இன்னொரு கல்ச்சருக்கு வராதீர்கள். கர்ப்பிணிகள் தவிர மற்றவர்களுக்கு அது பொதுவாகத் தேவையில்லை.