முக்கி முக்கி வளர்க்கும் தேன்மெழுகுவத்தி: முதல் தடவை செய்பவர்களுக்கு

அச்சில் ஊற்றிச் செய்யும் மெழுகுவத்தியை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். இங்கே சொல்லப்போவது அதுவல்ல. திரியை உருகிய மெழுகில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்கி, படலம் படலமாக வளர்க்கிற பழைய முறை. ஒவ்வொரு முக்கலுக்கும் இடையில் மூன்று நிமிடம் சும்மா இருந்தாக வேண்டும். தியானமோ ஜெபமோ பழகுகிறவர்களுக்கு இது ஏற்ற கைவேலை என்பதற்கு அந்த மூன்று நிமிடம்தான் காரணம். அவசரப்பட்டால் மெழுகு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எப்போது, எங்கே

கார்த்திகை, மார்கழி நல்ல காலம். ஆனி, ஆடி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி, பல்லடம் பக்கமெல்லாம் விடாமல் அடிக்கும். வத்தி ஒரு பக்கம் மட்டும் ஆறி வளைந்துபோகும், படலங்கள் ஒட்டாமல் வெங்காயத் தோல் மாதிரி பிரியும். பொடக்காலியில் (வீட்டுப் பின்புறத்தில்) செய்யாமல், ஆசாரத்திலோ (வீட்டுக் கூடத்திலோ) சமையலறையிலோ மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

மெழுகு

6 வத்திக்கு 1¼ கிலோ தேன்மெழுகு வேண்டும். வத்தியில் போய்ச் சேருவது 200 கிராமுக்கும் குறைவுதான். ஆனால் முக்குவதற்கு ஆழம் வேண்டுமே. மிச்சம் வீணாகாது, கட்டியாக்கி அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளை பாரஃபின் மெழுகு பெரும்பாலும் அதற்கு முன்பே இளகிவிடும். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அலமாரிக்குள்ளேயே வத்தி தலை சாய்வது அதனால்தான். வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள்: தேன்மெழுகு நகத்தோடு இழுபடும், பாரஃபின் கலந்தது செதிலாக உதிரும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். பழைய தேன்மெழுகின் இயல்பு அது, லேசாகச் சூடு காட்டினால் மறைந்துவிடும்.

தேன் எடுப்பவர்களிடம் அடையாகவே கிடைத்தால் சுத்தம் செய்ய வேண்டும். அடை மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கி உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அசையாமல் இரவு முழுக்க ஆறவிடுங்கள். மெழுகு மேலே வட்டமாகக் கட்டிவிடும். அடிப்பக்கத்தில் ஒட்டிய கசடைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். இதற்குப் போர்த் தண்ணீர் ஆகாது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம்; அது மெழுகோடு சேர்ந்து சோப்பு மாதிரி கஞ்சியாக்கிவிடும். சிறுவாணித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ போதும்.

திரி: பாதி வெற்றி இங்கேதான்

மெழுகைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள் திரியைக் கவனிப்பதில்லை. எரியாமல் அணைவது, புகைவது, வழிவது எல்லாமே பெரும்பாலும் திரியின் கோளாறு.

வெள்ளைப் பருத்தி நூல், 20-ஆம் நம்பர். திருப்பூரிலோ சென்னிமலையிலோ கோனாகக் கிடைக்கும். பாலியஸ்டர் கலந்த நூலும் பார்க்க அப்படியேதான் இருக்கும் என்பதால் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். கலப்பு நூல் உருகி முனையில் கறுப்பு மணியாகத் திரளும். அது திரிக்கு உதவாது.

பத்துப் பத்து இழையாக மூன்று கற்றை, மொத்தம் 30 இழை. தலைமுடி பின்னுவது போல இறுக்கமாகப் பின்னினால் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் வரும். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வத்திக்கு அது சரி. ஏன் முறுக்காமல் பின்ன வேண்டும்? பின்னிய திரி எரியும்போது முனை ஒரு பக்கமாக வளைந்து சுடரின் ஓரத்துக்கு வரும். அங்கே சூடும் காற்றும் அதிகம், கரி தானாக எரிந்து சாம்பலாகிவிடும். முறுக்கின திரி நட்டுக்கொண்டு நின்று, கரி சேர்ந்து புகையும்.

அடுத்து ஊறல். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெண்காரம் (போராக்ஸ்) கரைத்துத் திரியை இரவு முழுக்க ஊறவிடுங்கள். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வயிற்றுக்குள் போகக் கூடாது, குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். இரண்டு நாள் நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் எரியும்போது படபடவென்று பொரியும்.

பாத்திரம்

முக்குவதற்கு 16 செ.மீ. உயரம், 10 செ.மீ. வாய் அகலம் உள்ள எவர்சில்வர் தூக்குப்போசி (தூக்குப் பாத்திரம்). பித்தளை, செம்பு, இரும்பு வேண்டாம். மெழுகு நிறம் கெடும். அதை உள்ளே வைக்க ஒரு பெரிய போசி, அடியில் வைக்க ஒரு பழைய துணி மடிப்பு, பெரிய போசியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர். சமையல் வெப்பமானி ஒன்றும் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இங்கே பயன்படாது.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீருக்குள் வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; நேரடி நெருப்பில் ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள். மூடி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முக்குதல்

திரியை 45 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் சின்ன இரும்பு நட்டு ஒன்று கட்டுங்கள். நடுப்பகுதியை 5 செ.மீ. அகலமுள்ள மரச்சட்டத்தின் மேல் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கும். இது ஒரு ஜோடி. மூன்று ஜோடி தயார் செய்யுங்கள். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகக் கொஞ்சம் தள்ளி வைத்து, சட்டங்களை நடுவே தொங்கவிட்டு, கீழே காகிதம் விரித்தால் ஆறவைக்கும் இடம் ஆயிற்று.

ஒரு கிலோ மெழுகு உருகி 75 டிகிரி வந்ததும் முதல் முக்கு. திரியை 12 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, குமிழ் வருவது நிற்கும்வரை, ஏறக்குறைய ஒரு நிமிடம், அப்படியே பிடியுங்கள். நூலுக்குள் இருக்கும் காற்று வெளியேறி மெழுகு ஊறும். வெளியே எடுத்ததும் நட்டைப் பிடித்து இழுத்து நேராக்குங்கள். இங்கே கோணலானால் கடைசிவரை கோணல்தான்.

அதன்பின் சூட்டை 70 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இறக்கி, இரண்டு எண்ணுவதற்குள் நிதானமாக ஒரே சீராக எடுங்கள். மூன்று நிமிடம் ஆறட்டும். மறுபடியும். விரலால் தொட்டால் இளஞ்சூடாக, ஒட்டாமல் இருப்பதுதான் அடுத்த முக்குக்கு அடையாளம்.

எண்ணிக்கை 27 என்று வைத்துக்கொள்ளுங்கள். வத்தி ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும். 108 மணி ஜபமாலையில் கால் பங்கும் அதுவே. மந்திரம் சொல்பவர்கள் இடைவேளையில் சொல்லலாம். கருமத்தம்பட்டி மாதா கோவிலுக்குப் போகிற குடும்பத்தார் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடித்தால் அடுத்த முக்குக்குச் சரியாக இருக்கும். எதுவும் இல்லாதவர்கள் மூச்சை எண்ணுங்கள். கைப்பேசி மட்டும் வேறு அறையில் இருக்கட்டும். அதைப் பார்த்தால் எண்ணிக்கையும் தப்பும், அடுப்புச் சூடும் தப்பும்.

ஐந்தாவது முக்கு முடிந்ததும் நட்டுகளை வெட்டிவிடுங்கள். மெழுகு மட்டம் இறங்க இறங்க, ஒதுக்கி வைத்த கால் கிலோவைத் தனியே உருக்கிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வத்தி வளைந்தால், சூடு ஆறுவதற்குள் வழுவழுப்பான பலகையில் வைத்து உள்ளங்கையால் மெல்ல உருட்டுங்கள். பதினைந்தாவது முக்கில் அடியில் தொங்கும் சொட்டுகளைக் கத்தியால் நேராக வெட்டுங்கள்.

முக்க முக்கத் தடிமன் ஏறவில்லையா? மெழுகு சூடு அதிகம், அல்லது உள்ளே அதிக நேரம் வைக்கிறீர்கள்; போட்ட படலம் திரும்ப உருகிப் போகிறது. மேலே மேடு பள்ளமாகத் திரண்டால் சூடு குறைவு. போசி ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கினாலே அடுப்பைக் கொஞ்சம் தூண்டிவிடுங்கள்.

கடைசி முக்கு மட்டும் 80 டிகிரியில். எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை முக்கினால் பளபளப்பு வரும். நடு முக்குகளில் தண்ணீரில் முக்காதீர்கள். படலங்களுக்கு இடையே துளி சிக்கிப் பொரியும். பாத்திரம் கழுவும் தொட்டியில் மிச்ச மெழுகை ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஏற்றுவதும் குளிர வைப்பதும் (அணைப்பதும்)

ஒரு நாள் தொங்கவிட்ட பிறகு திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கி, வட்டலில் (தட்டில்) நிறுத்தி, காற்றில்லாத இடத்தில் ஏற்றுங்கள். சுடர் சின்னதாகி, சுற்றிலும் மெழுகு குளம் கட்டித் திரியை மூழ்கடித்தால் திரி மெலிசு. அடுத்த தடவை ஆறு இழை கூட்டுங்கள். புகைந்து, முனையில் கரி காளான் போலப் பூத்து, மெழுகு வழிந்தால் திரி தடிமன். ஆறு இழை குறையுங்கள். சுடரைப் பார்த்துத் திராடகம் பழகுபவர்கள் கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். சுடர் ஆடினால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். மெழுகுவத்திக்கும் அது பொருந்தும். ஊதினால் சூடான மெழுகு தெறிக்கும், திரி முனை கனன்றுகொண்டே வெள்ளைப் புகை விடும். அந்தப் புகை எரியாமல் போன மெழுகு ஆவி. அதில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் புகை வழியே இறங்கித் திரியை மறுபடி பற்றவைப்பதைப் பார்க்கலாம். குளிர வைப்பதற்கு ஒரு குச்சியால் திரியை வளைத்து உருகிய மெழுகுக்குள் ஒரு நொடி அமிழ்த்தி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகை வராது, மெழுகு ஊறிய திரி நாளைக்கு ஒரே குச்சியில் பற்றும்.