குடிலில் தொட்டி காலியாக இருக்கட்டும்

டிசம்பர் முதல் நாளே கிறிஸ்துமஸ் குடிலில் எல்லாப் பொம்மைகளையும் அடுக்கிவிட்டால், நாலாம் நாள் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேச்செல்லாம் கேக்கும் புதுத்துணியும்தான். எங்கள் வீட்டில் பலித்த வழி, குழந்தை இயேசுவைக் கிடத்தும் தொட்டியைக் காலியாக விடுவது. யாருக்காவது உதவினால் பிள்ளையே விரல் நீள வைக்கோல் ஒன்றை அதில் போடட்டும். குழந்தை இயேசு பொம்மை 24-ஆம் தேதி இரவுதான் வரட்டும். குழந்தையைக் காண வந்த ஞானிகளின் பொம்மைகள் 25-ஆம் தேதி வாசலில் கிளம்பி, தினம் ஓரடி நகர்ந்து ஜனவரி 6-இல் வந்து சேரட்டும்.

டிசம்பர் 15-ஆம் தேதி முதல் பைபிளில் லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் தினம் இரண்டு வசனம் வாசித்தால், 24 அன்று மேய்ப்பர்கள் திரும்பிப் போகும் 20-ஆம் வசனம் வரும். அதில் வரும் ‘முன்னணை’ என்றால் சின்னதுகளுக்குப் புரியாது. மாடு தின்னும் தொட்டி என்று சொல்லுங்கள், கண் விரியும்.

ஏற்காட்டுப் பனியில் ஈரப்பாசி வேண்டாம், மண்பொம்மையில் சாயம் உரிந்துவிடும். காய்ந்த நெல் வைக்கோல் ஒரு கைப்பிடி போதும். வைக்கோலை எண்ணிப் பரிசு மட்டும் கொடுக்காதீர்கள். அண்ணன் தம்பி சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.