தலையணையைக் கொடுக்காதீர்கள்

போன வாரம் என் வகுப்புக்குப் புதிதாக வந்த உதவி ஆசிரியை, வீறிட்டு அழுத மூன்று வயதுப் பையன் கையில் ஒரு தலையணையைத் திணித்தார். "கோபத்தையெல்லாம் இதுல காட்டுடா கண்ணா, நல்லா குத்து!" 12 வருடத்துக்கு முன் நானும் இதையே செய்தவள்தான். குழந்தையை அடிக்கக் கூடாது, பதிலுக்குக் கத்தக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விடுங்கள். குழந்தை கோபப்படும்போது நல்லதென்று நினைத்து நாம் செய்யும் வேறு சில தப்புகள் இவை.

தலையணையைக் குத்தச் சொல்வது

கோபம் குக்கரில் அடைபட்ட ஆவி மாதிரி, வெளியே விட்டால் தீர்ந்துவிடும் என்ற நினைப்புதான். என் மகளுக்கு நாலு வயதில் 'கோபத் தலையணை' என்று தனியாகவே ஒன்று வைத்திருந்தேன், அதில் பெருமை வேறு. முதல் வாரம் குத்தினாள், களைத்துப்போய் அடங்கினாள். மூன்றாம் வாரம் தம்பி பொம்மையைப் பிடுங்கியபோது, தலையணை அடுத்த அறையில் இருந்தது. தம்பியின் முதுகு பக்கத்தில் இருந்தது. கோபம் வந்தால் கையை ஓங்கு என்று பழக்கிவிட்டது நான்தானே!

2002-ல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார். கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே தேவலை. வளர்ந்தவர்கள் கதியே இது. இன்னமும் இந்த யோசனையை யாராவது சொன்னால் எனக்குத்தான் குத்தத் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் ஓங்கிய கையை மெல்லப் பிடித்துக்கொள்வேன். குனிந்து, "உனக்குக் கோபம். அடிக்க விடமாட்டேன்." அவ்வளவுதான். அப்புறம் பேசாமல் பக்கத்திலேயே இருப்பேன். அடங்கிய பிறகு சொல்ல வார்த்தை கொடுப்பேன்: "நான் இன்னும் விளையாடி முடிக்கல", "என் முறை எப்போ?" மறுநாள் பொம்மைகளை வைத்து அதே சண்டையை நடித்துப் பார்ப்போம். பலன் தெரிய மாதக்கணக்காகும். ஒரு சிறுமி, முகம் சிவக்க, சட்டை நுனியை இரண்டு கையாலும் முறுக்கியபடி, "எனக்குப் பயங்கரக் கோபம்!" என்று கத்தினாள். பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் கைதட்டாத குறைதான்.

கொதிக்கும்போது பாடம் எடுப்பது

அப்போது எதுவும் காதில் ஏறாது. மெதுவாக மூச்சு விடுவதைச் சோப்புக் குமிழி ஊதும் சந்தோஷ நேரத்தில் பழக்குங்கள்.

உடனே 'சாரி' சொல்ல வைப்பது

பொய் சொல்லப் பழக்குகிறீர்கள்.

சிரிப்பது, வீடியோ எடுப்பது

போனைக் கீழே வையுங்கள்.