போன் இல்லாத வகுப்பில் கிளிக்கர்: காகித அட்டையை வைத்து வாக்கெடுப்பு நடத்துவது எப்படி?

எங்கள் கல்லூரியில் மாணவர்கள் வகுப்புக்குள் போனை எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பல பொறியியல் கல்லூரிகளில் இதுதான் நிலைமை. அதனால் போனில் பதில் தட்டும் கஹூட், மென்டிமீட்டர் எல்லாம் நமக்குச் சரிப்படாது. மாணவர்கள் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லும், ரிமோட் போன்ற கிளிக்கர் கருவிகளை அறுபது பேருக்கு வாங்கி, பேட்டரி மாற்றி, தொலையாமல் பார்த்துக்கொள்வதும் பெரிய வேலை. முதலாமாண்டு இயற்பியல் வகுப்பில் நான் பயன்படுத்துவது பிளிக்கர்ஸ் என்ற காகித அட்டை முறை. மாணவர் கையில் ஓர் அட்டை, ஆசிரியர் கையில் ஒரு போன், அவ்வளவுதான்.

ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு கறுப்பு வெள்ளைக் கட்ட வடிவம் இருக்கும். அட்டையின் நான்கு பக்கங்களுக்கும் ஏ, பி, சி, டி என்று பெயர். எந்த எழுத்து மேலே இருக்கிறதோ அதுதான் மாணவரின் பதில். போன் கேமரா வடிவத்தைப் பார்த்து அது யாருடைய அட்டை, என்ன பதில் என்று கண்டுகொள்ளும். எழுத்துகள் மிகச் சிறியவை, வடிவங்களும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. கைதூக்கச் சொன்னால் முன்வரிசையைப் பார்த்துக் கை தூக்குகிற பிள்ளைகள்கூட இதில் தங்கள் சொந்தப் பதிலைக் காட்டுவார்கள். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

காகிதம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் ‘பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற, மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்துக் கற்கும் முறையைத் தொடங்கியபோது அவர் வகுப்பில் மின்னணுக் கிளிக்கர் கிடையாது. கைதூக்கலும் அட்டைகளும்தான் இருந்தன. கனடாவில் நத்தானியேல் லாஸ்ரி 2008இல் வெளியிட்ட ஆய்வும் கற்றலைப் பொறுத்தவரை கிளிக்கருக்கும் அட்டைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை என்றே காட்டியது.

1. கணக்கும் பெயர்ப்பட்டியலும்

பிளிக்கர்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஒரு வகுப்பை உருவாக்கி, பெயர்களை மொத்தமாக ஒட்டுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எண் வரும். அதை ரோல் நம்பரோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிடுங்கள். பின்னால் எல்லாம் சுலபமாகிவிடும். அட்டைகள் மொத்தம் 63 வரைதான் உண்டு. நம்முடைய அறுபது பேர் செக்‌ஷனுக்கு அது போதும்.

2. அட்டை அச்சடிப்பது

தளத்திலிருந்து பி.டி.எஃப். இறக்கி, ஜெராக்ஸ் கடையில் கெட்டியான தாளில் எடுங்கள். சாதாரணத் தாள் ஃபேன் காற்றில் மடங்கும், மடங்கினால் கேமராவுக்குத் தெரியாது. டோனர் குறைந்த மிஷினில் கறுப்பு வெளிறி வரும், அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைக்காரர் லேமினேஷன் போட்டுத் தரட்டுமா என்று கேட்பார். பளபளப்பான லேமினேஷன் கண்டிப்பாக வேண்டாம். டியூப் லைட் வெளிச்சம் அதில் பட்டால் கறுப்புக் கட்டம் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அந்த மாணவர் அட்டையைத் தூக்கிக்கொண்டே இருப்பார், திரையில் அவர் பெயருக்குப் பதில் விழாது. போன் கெட்டுவிட்டது, ஆப் சரியில்லை என்று எங்கெங்கோ தேடத் தோன்றும். போட்டே ஆக வேண்டுமென்றால் மேட் லேமினேஷன் கேளுங்கள். வெட்டும்போது வடிவத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு வெட்டுங்கள், விரல் பிடிக்கவும் இடம் வேண்டுமே.

அட்டையை மாணவர்கள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். அப்சர்வேஷன் நோட்டில் ஒட்டவிடாதீர்கள். திருத்துவதற்கு நோட்டு நம் மேசைக்கு வந்துவிட்டால் அட்டையும் கூடவே வந்துவிடும்.

3. கேள்வி

எனக்கு அதிக நேரம் பிடிப்பது இதுதான், பிடிக்கவும் வேண்டும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் கேள்வி இதற்கு உதவாது. மஸூர் தன் மாணவர்களுக்கு விசை பற்றிய எளிய கருத்துக் கேள்விகளைக் கொடுத்தபோது ஒருவர் கேட்டாராம்: நீங்கள் சொல்லித்தந்தபடி பதில் எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? அந்த ‘நான் நினைக்கிறபடி’ வெளியே வரும்படி கேள்வி இருக்க வேண்டும்.

என் வகுப்பில் நன்றாக வேலை செய்யும் ஒன்று: வேகமாக வரும் லாரி, நின்றிருக்கும் ஆட்டோ மீது மோதுகிறது. மோதும் கணத்தில் எது எதன் மீது அதிக விசை செலுத்துகிறது? ஏ, லாரி ஆட்டோ மீது. பி, ஆட்டோ லாரி மீது. சி, இரண்டும் சமம். டி, நிறையும் வேகமும் தெரியாமல் சொல்ல முடியாது.

சரியான விடை சி. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்பவர்களும் இங்கே ஏ காட்டுவார்கள். தவறான விடைகள் நம் கற்பனையில் வரக்கூடாது, விடைத்தாள் திருத்தும்போது உண்மையில் பார்த்த தவறுகளாக இருக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி தாராளம்.

4. ஸ்கேன்

லேப்டாப்பில் தளத்தைத் திறந்து புரொஜெக்டரில் காட்டுங்கள். போனில் அதே கணக்கில் ஆப்பைத் திறங்கள். இரண்டுக்கும் இணையம் வேண்டும். கல்லூரி வைஃபையை நான் நம்புவதில்லை, என் போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே லேப்டாப்பை இணைத்துவிடுவேன்.

அட்டையை முகத்துக்கு முன்னால், நேராக, ஓரத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் கட்டத்தின் மேல் ஏறினால் பதில் விழாது. கடைசி இரு வரிசையினர் தலைக்கு மேலே தூக்கட்டும். போனை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். ஜன்னலை ஒட்டி உட்காரும் மாணவர்கள் வெளிச்சத்துக்கு முன்னால் இருட்டாகத் தெரிவார்கள். நீங்கள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து நின்று ஸ்கேன் செய்தால் சரியாகிவிடும்.

5. வரைபடத்தை உடனே காட்டாதீர்கள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஸ்கேன் முடிந்ததும் எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற வரைபடத்தைத் திரையில் போடத் தோன்றும். போட்டால், உயரமான பட்டைதான் சரியான விடை என்று வகுப்பு முடிவுகட்டிவிடும், அதன்பின் பேச்சு எழாது. நீங்கள் மட்டும் போனில் பாருங்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் அந்தப் பாடத்தை வேறு விதமாக மறுபடி நடத்துங்கள். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் இருந்தால், அதுதான் நமக்கு வேண்டியது. ‘வேறு பதில் சொன்ன ஒருவரைக் கண்டுபிடித்து, உங்கள் பதில்தான் சரி என்று நம்ப வையுங்கள்’ என்று சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

வகுப்பு இரையும், இரையட்டும். பெஞ்சுகளுக்கு இடையே நடந்து காதுகொடுங்கள்.

“ஆட்டோதானடா நசுங்குது? அப்போ லாரிதானே அதிகமா இடிச்சிருக்கும்?”

“விசை ரெண்டுக்கும் ஒண்ணுதான்டா. ஆட்டோ வெயிட் கம்மி, அதான் அதுக்கு ஆக்சிலரேஷன் அதிகம்.”

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கரும்பலகையில் எழுதினால் குறிப்பெடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவன் சொன்னால் எதிர்த்துக் கேட்பார்கள், அங்கேதான் புரிய ஆரம்பிக்கிறது. பிறகு மறுபடி அட்டை. முதல் பதிலும் பதிவில் இருக்க வேண்டுமென்றால் அதே கேள்வியைத் தளத்தில் உள்ள உங்கள் கேள்வித் தொகுப்பில் இரண்டு முறை சேர்த்துவையுங்கள். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் எத்தனை கேள்வி என்பதற்கு வரம்பு உண்டு, அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாக்கெடுப்பு முடிந்ததும் இரண்டு வரைபடங்களையும் காட்டிவிட்டு விளக்குங்கள்.

கருத்துகளில் வந்தவற்றுக்காகச் சேர்த்தது

இதையே வருகைப்பதிவாக வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து, மதிப்பெண்ணும் வேண்டாம். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2014இல் ஒரு பாடத்தில், வராத நண்பர்களின் கிளிக்கரையும் சேர்த்து அழுத்திய விவகாரத்தில் 64 மாணவர்கள் ஒழுங்கு நடவடிக்கையைச் சந்தித்தார்கள். வருகையும் மதிப்பெண்ணும் கலந்தால், மாணவர் தான் நினைப்பதைக் காட்டமாட்டார், பாதுகாப்பான பதிலைக் காட்டுவார். பிறகு நமக்கு எதுவும் தெரியாது.

இரண்டாமாண்டு எடுப்பவர் ஒருவர், டிப்ளமோ முடித்து நேராக இரண்டாமாண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்களின் பதிவு எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் 301இலிருந்து தொடங்குவதால் அட்டை எண்ணோடு பொருந்தவில்லை என்றார். காலியாக இருக்கும் எண்ணைக் கொடுத்து, அட்டையின் பின்புறம் பெயர் எழுதிவிடுங்கள்.

செக்‌ஷனுக்கு ஒரு கட்டு அட்டை தேவையா என்றால், தேவையில்லை. ஒரே எண்ணை ஒவ்வொரு வகுப்பிலும் வேறு வேறு மாணவருக்குத் தரலாம். நோட்டில் ஒட்டவிடாமல் ஒரு கட்டை நீங்களே வைத்திருந்தால், எல்லா செக்‌ஷனுக்கும் அதுவே போதும். பாட ஆரம்பத்தில் கொடுத்து, மணியடிக்கும் முன் எண் வரிசையில் வாங்கிவிடுங்கள்.