எச்.பி.ஏ.1.சி. ஒன்று சொல்ல மெஷின் வேறொன்று சொன்னால்: வீட்டில் சரிபார்க்கும் முறை

கிளிநொச்சியில் நீரிழிவுள்ள எங்கள் அம்மம்மாவுக்கு எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.4 சதவீதம் என்று வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம், குளிசையைக் குறைக்கலாமா என்றுகூடப் பேசினோம். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்தி, வீட்டுச் சீனி மெஷினில் பார்த்தால் 170, 180 (மி.கி./டெ.லீ.). மெஷின்தான் பழுது என்று நினைத்துவிட்டோம். ஒரு மாதம் முன்பு அவருக்கு இரத்தம் ஏற்றியது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இந்தப் பரிசோதனை அளப்பது, செங்குழியங்களில் இருக்கும் ஈமோகுளோபினில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பதை. ஒரு செங்குழியம் சுமார் 120 நாள் உயிர்வாழும். அதற்கு முன்பே அது அழிந்தால் சீனி ஒட்ட நேரம் போதாது, அளவு குறைத்துக் காட்டும். நீரிழிவு இல்லாத ஒருவரின் இரத்தத்தை ஏற்றினாலும் பெரும்பாலும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகையில் நேர்மாறு, உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம்.

படி 1: தலசீமியா (ஈமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்), ஜி6பிடி குறைபாடு (செங்குழியம் எளிதில் உடையும் பரம்பரைக் குறைபாடு), இரத்தச்சோகை, நாட்பட்ட சிறுநீரக நோய், கடந்த மூன்று நான்கு மாதத்தில் இரத்தம் ஏற்றியது. இவற்றில் எது இருந்தாலும் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.

படி 2: ஒரு கிழமைக்கு வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின்பும் சீனி பாருங்கள்.

படி 3: எச்.பி.ஏ.1.சி.யை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழியுங்கள். சராசரிச் சீனி வரும். 5.4க்கு அது 108 தான். அம்மம்மாவின் 170 எங்கே, இது எங்கே!

படி 4: மெஷினையும் முழுதாக நம்பவேண்டாம். இரத்தம் மிகக் குறைந்தவர்களுக்குச் சில மெஷின்கள் கூட்டிக் காட்டும். நாளத்தில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் வெறும் வயிற்றுச் சீனி பாருங்கள். அம்மம்மாவுக்கு அங்கும் 168 வந்தது. 126ஓ அதற்கு மேலோ வந்தாலே நீரிழிவு அளவுதான்.

படி 5: எச்.பி.ஏ.1.சி.யும் சீனி அளவும் பொருந்தாவிட்டால் டாக்டரிடம் பிரக்டோசமைன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது ஈமோகுளோபினைத் தொடாமல், கடந்த இரண்டு மூன்று கிழமையின் சீனியைக் காட்டும். அதுவரை குளிசையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அடிக்கடி இரத்தம் ஏற்றும் தலசீமியாப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பு கணையத்தில் படிந்து உண்மையாகவே நீரிழிவைக் கொண்டுவரலாம், எச்.பி.ஏ.1.சி.யோ நல்ல கணக்குக் காட்டிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள்.

இன்னொன்று: வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ கிளினிக் போனால் ஒவ்வொரு முறையும் அதே டாக்டர் இருக்கமாட்டார். படி 1இல் எழுதியதைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனையால் எழுதிவையுங்கள்.